பேப்பரை விட்டு அரசாங்கத்துக்குப் போனா விலை போறதா? ஹென்றி வாலஸ் கதைய வச்சு பேசுவோம்

பழைய பேப்பர்காரன்:
என்கூட பத்து வருசம் டெஸ்க்ல உக்காந்து வேலை பாத்த ஒருத்தர் போன மாசம் ராஜினாமா பண்ணிட்டு அரசாங்கத்துல ஒரு போஸ்டிங் வாங்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கே கேன்டீன்ல ஆளாளுக்கு "விலை போயிட்டான்"னு தீர்ப்பு எழுதியாச்சு. எனக்கு மட்டும் அப்படி சட்டுனு சொல்ல வாய் வரல, ஏன்னா ரொம்ப நாளா ஒரு ஆளப் பத்திப் படிச்சிட்டு இருக்கேன், அந்தாளு மண்டைக்குள்ள உக்காந்துட்டு எறங்க மாட்டேங்கறாரு. அமெரிக்கால ஹென்றி அகார்ட் வாலஸ்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1888 அக்டோபர் 7, அயோவா மாநிலத்துல ஓரியன்ட்ங்கற சின்ன ஊருக்குப் பக்கத்துல ஒரு பண்ணைல பொறந்தாரு. தாத்தா பேரும் ஹென்றி வாலஸ், பாதிரியாரா இருந்து விவசாயப் பத்திரிகைக்காரரா மாறினவர், ஊரே "அங்கிள் ஹென்றி"ன்னு கூப்பிடும். அவரும் பசங்களும் சேர்ந்து நடத்தின பத்திரிகைதான் வாலசஸ் ஃபார்மர். அப்பா ஹென்றி கான்ட்வெல் வாலஸ் அதே பத்திரிகைய நடத்திட்டு 1921ல விவசாயத்துறை செயலராப் போனாரு, அங்க செயலர்னா நம்ம கணக்குல மந்திரி. 1924ல பதவில இருக்கும்போதே செத்தும் போயிட்டாரு. அப்பா வாஷிங்டன் போன அன்னைக்கு எடிட்டர் நாற்காலி பையனுக்கு வந்துச்சு, 12 வருசம் கழிச்சு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கூப்பிட, அப்பா உக்காந்த அதே மந்திரி நாற்காலிக்கு பையனும் போனாரு. அப்புறம் துணை ஜனாதிபதி. அப்புறம் விழுந்தாரு, அதுவும் சாதாரண விழுக்காடு இல்ல.

என் கேள்வி இதுதான், இவரு எடிட்டரா எழுதினத மந்திரியா செஞ்சாரா, இல்ல மந்திரியானதும் மறந்துட்டாரா?

ராத்திரி ஷிப்ட்:
மூணு தலைமுறையும் ஹென்றி வாலஸா? லெட்டர் வந்தா வீட்ல யாரு பிரிப்பாங்க

மேட்டுக்காடு:
அண்ணே மந்திரி கதைக்கு முன்னாடி மக்காச்சோளக் கதைய சொல்லுங்க, அது இல்லாம அந்தாளப் புரிஞ்சிக்கவே முடியாது. சரி நானே சொல்றேன், நான் சோளம் போடறவன், எனக்கு உரிமை இருக்கு.

அந்தக் காலத்துல அங்க கதிர் போட்டின்னு நடத்துவாங்க. விவசாயிங்க பொறுக்கி எடுத்த கதிரெல்லாம் மேசைல அடுக்கி வச்சிருப்பாங்க, நடுவர் வந்து நீளம் பாப்பாரு, வரிசை நேரா இருக்கான்னு பாப்பாரு, நுனி வரைக்கும் மணி நெறஞ்சிருக்கா எல்லாம் ஒரே சைசான்னு பாத்து பரிசு குடுப்பாரு. ஹோல்டன்னு ஒரு பேராசிரியர்தான் இதுல பெரிய கை. வாலஸுக்கு அப்ப 16 வயசு. பையன் கேட்ட கேள்வி, பன்னிக்குப் போடற சோளம் அழகா இருந்தா என்ன இல்லாட்டி என்ன? சரி நட்டுப் பாருடான்னு ஹோல்டன் கதிர்களக் குடுத்துட்டாரு. பையனும் ஒவ்வொரு கதிரோட மணியையும் தனித்தனி வரிசையா நட்டு, அறுத்து, எடை போட்டான். பரிசு வாங்கின கதிரெல்லாம் விளைச்சல்ல பின்னாடி, மூஞ்சி சரியில்லாத கதிர் பலது முன்னாடி. அழகு சோறு போடுமான்னு நாம பேச்சுக்கு சொல்றோம், அவன் தராசுல வச்சே காட்டிட்டான்.

கணக்கு டீச்சர்:
இங்கதான் எனக்கு இவரப் பிடிச்சுப் போச்சு. எடை போட்டுப் பாக்கற அந்தப் புத்தி கடைசி வரைக்கும் போகல. பத்திரிகைல வேலை பாத்துட்டே புள்ளியியல் தானா கத்துக்கிட்டு, 1920ல விவசாய விலைகளப் பத்தி ஒரு புத்தகம் போட்டாரு. பன்னி விலைக்கும் சோள விலைக்கும் உள்ள விகிதத்த வச்சு எப்ப பன்னி வளக்கறது லாபம் எப்ப சோளத்த அப்படியே விக்கறது லாபம்னு கணக்குப் போடுவாரு. ஏம்ஸ்ங்கற ஊர்ல இருக்கற அயோவா ஸ்டேட் காலேஜ்ல ஸ்னெடெகர்னு ஒரு கணக்குப் பேராசிரியர், அவரோட சேர்ந்து 1925ல மெஷின வச்சு ஒட்டுறவுக் கெழு, அதாவது ரெண்டு விசயம் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குதுன்னு சொல்ற எண், அதக் கணக்குப் போடறது எப்படின்னு ஒரு சின்ன புத்தகம். ஒரு விவசாயப் பத்திரிகை எடிட்டர் ப்ரொஃபசர்களுக்குக் கணக்கு சொல்லித் தரார்! அங்க பின்னாடி பெரிய புள்ளியியல் மையம் வளந்ததுக்கு இதுவும் ஒரு வித்துன்னு சொல்லுவாங்க.

இன்னொன்னு, சின்னப் பையனா இருந்தப்ப இவர செடி பாக்க கூட்டிட்டுப் போனது ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாப் பொறந்து பெரிய தாவர விஞ்ஞானியானவர், அப்ப ஏம்ஸ்ல அதே காலேஜ்ல வாலஸோட அப்பா கிட்ட படிச்சிட்டு இருந்தாரு. பூவுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குக் காட்டினதே அவருதான்னு வாலஸ் கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு.

சந்தேகப் பேர்வழி:
எல்லாம் நல்லாருக்கு, கம்பெனி ஆரம்பிச்சத ஏன் யாரும் சொல்லல? 1926ல அயோவால ஹை-ப்ரெட் கார்ன் கம்பெனி, அதுதான் பின்னாடி பயனியர்ங்கற பெரிய விதைக் கம்பெனி. பத்திரிகைல வீரிய ஒட்டு விதை அருமைன்னு எழுதறது, அந்தப் பக்கம் அதே விதைய விக்கறது. மந்திரியானதும் சோளப் பரப்பக் குறைங்கன்னு சட்டம் போடறது, பரப்பு குறைஞ்சா விவசாயி கையில இருக்கற கொஞ்ச நிலத்துல அதிகம் எடுக்க எந்த விதையத் தேடுவான்? இதுக்குப் பேரு என்ன நம்ம ஊர்ல?

மேட்டுக்காடு:
பேரு எனக்குத் தெரியும், ஆனா அந்த விதை எப்படி வந்துச்சுன்னும் பாக்கணும்ல. ஒரு சோளச் செடியோட மகரந்தத்த அதே செடிக்கே போட்டு, அதுல வர்ற செடிக்கும் அப்படியே பண்ணி, ஆறேழு தலைமுறை தள்ளினா செடி குட்டையா நோஞ்சானாப் போயிடும், பாக்கவே பாவமா இருக்கும். அந்த மாதிரி ரெண்டு நோஞ்சான் வம்சத்த ஒட்டினா வர்ற பிள்ளை ரெண்டு மடங்கு வீரியம். தத்துவத்தக் கண்டுபிடிச்சது வாலஸ் இல்ல, ஷல், ஈஸ்ட், ஜோன்ஸ்னு வேற ஆளுங்க. வாலஸ் வீட்டுத் தோட்டத்துல உக்காந்து அதையே நோண்டி நோண்டி காப்பர் கிராஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, அது 1924ல அயோவா விளைச்சல் போட்டில தங்கப் பதக்கம் வாங்குச்சு. அந்தப் போட்டியே அழகுக்கு இல்ல, எடைக்கு, அத நடத்தணும்னு பத்திரிகைல எழுதி எழுதி வர வச்சதுலயும் அவரு கை உண்டு.

ஆனா ஒரு எடம் எனக்கும் உறுத்தும். வீரிய ஒட்டு விதைய அறுத்து வச்சு அடுத்த போகத்துக்குப் போட்டா வீரியம் இறங்கிடும், வருசா வருசம் காசு குடுத்து வாங்கித்தான் ஆகணும். எங்க தாத்தா குதிர்ல விதை எடுத்து வச்ச மனுசன், நான் பாக்கெட் பிரிக்கறவன். அயோவால பத்து வருசத்துக்குள்ள கிட்டத்தட்ட எல்லா வயலும் மாறிடுச்சு. 1930கள்ல அமெரிக்கால ஏக்கருக்கு 25 புஷல் (அங்க தானியம் அளக்கற அளவு) சுத்துவட்டத்துல இருந்த சராசரி இப்ப 170க்கு மேல. விளைச்சல் வந்துச்சு, விதை கைய விட்டுப் போச்சு. ரெண்டும் ஒரே பாக்கெட்ல.

பழைய பேப்பர்காரன்:
சந்தேகம் நியாயம்தான், நான் அவருக்கு வக்கீல் இல்ல. ஆனா பணத்தாசைல போன ஆளுன்னு சொல்ல முடியல. 1929ல போட்டிப் பத்திரிகை ஒண்ண பெரிய கடன் போட்டு வாங்கினாங்க, அதே வருசம் சந்தை குப்புற விழுந்துச்சு, சில வருசத்துல குடும்பம் பத்திரிகையவே கடன்காரன் கிட்ட விட்டுடுச்சு. அதாவது ரூஸ்வெல்ட் கூப்பிடும்போது இவரு தாத்தா ஆரம்பிச்ச பேப்பர்ல வெறும் சம்பளத்துக்கு எழுதிட்டு இருந்த ஆளு. எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு அந்த வலி புரியும்.

இன்னொரு விசயம், இவங்க பரம்பரை ரிபப்ளிகன். அப்பாவே ரிபப்ளிகன் மந்திரி. விவசாயி விளைச்சலுக்கு நியாய விலை கேட்டு வந்த மெக்நரி-ஹாகன் மசோதாவ ரிபப்ளிகன் ஜனாதிபதி கூலிட்ஜ் 1927லயும் 1928லயும் வீட்டோ பண்ணித் தூக்கிப் போட்டாரு, அப்பதான் பையன் கட்சிய விட்டு நகர ஆரம்பிச்சாரு. எழுதின எழுத்துக்காக வீட்டுக் கட்சிய விட்டவர். நம்ம கேன்டீன் தீர்ப்பு இவருக்குப் பொருந்துமா பாருங்க.

ராத்திரி ஷிப்ட்:
பன்னிக்குட்டி மேட்டருக்கு வாங்க பாஸ், அதுக்காகத்தான் உக்காந்திருக்கேன்

சந்தேகப் பேர்வழி:
நான் சொல்றேன். 1933 மார்ச்ல பதவி. மே மாசம் விவசாய சரிக்கட்டல் சட்டம். அதுக்குள்ள பருத்தி நட்டு வளந்தாச்சு, பன்னி குட்டி போட்டாச்சு. விலையோ அதலபாதாளம், அயோவால சோளம் புஷல் 10 சென்ட்டுக்கு வந்து, நிலக்கரிய விட சோளம் மலிவுன்னு அடுப்புல போட்டு எரிச்சாங்க. அதனால என்ன பண்ணாங்க, சுமார் 1 கோடி ஏக்கர் பருத்திய உழுது மடக்கச் சொல்லி காசு குடுத்தாங்க, 60 லட்சம் பன்னிக்குட்டிய வாங்கிக் கொன்னாங்க. ஊருல ஜனம் ரொட்டிக்கு வரிசைல நிக்குது. இது ஒரு பத்திரிகைக்காரன் மூளைல வந்த திட்டமா? எடிட்டரா இருந்திருந்தா இவரே கிழிச்சுத் தொங்க விட்டிருப்பாரு.

பழைய பேப்பர்காரன்:
கிழிச்சிருக்க மாட்டாரு, ஏன்னா விளைச்சல் அளவ சந்தைக்கு ஏத்த மாதிரி கட்டுப்படுத்தணும்னு பல வருசமா தலையங்கம் எழுதினதே அவருதான். பன்னிக்குட்டி விசயத்துல அவருக்கே மனசு ஒப்பல, வேற வழியில்லாத அவசரம்னுதான் பேசினாரு. கோபத்துல ஒரு தடவை சொன்னது, எல்லாப் பன்னியும் வயசாகி சாகணும்னு நினைக்கறாங்க போலன்னு. நக்கல் நல்லாத்தான் இருக்கு, ஆனா மந்திரி பேசற பேச்சு இல்ல, எடிட்டர் பேசற பேச்சு. அந்தக் கறில பெரிய பங்கு நிவாரணத்துக்குப் போச்சுன்னாலும் அவர் பேரோட ஒட்டினது பன்னிதான், இன்னைக்கும் போகல.

1936 ஜனவரில உச்ச நீதிமன்றம் 6க்கு 3ன்னு அந்தச் சட்டத்தையே தூக்கிருச்சு. மில்லுக்காரன் கிட்ட வரி வாங்கி விவசாயிக்குக் குடுக்கறது செல்லாதுன்னு. இவங்க சளைக்கல, மண் அரிப்பத் தடுக்கற பயிர் போட்டா காசுன்னு வேற வாசல் வழியா வந்தாங்க, அப்ப புழுதிப் புயல்ல மேல்மண்ணே பறந்துட்டு இருந்த காலம், அதனால அதுவும் பொய் வாசல் இல்ல.

கணக்கு டீச்சர்:
நீங்க ரெண்டு பேரும் பன்னிலயே நிக்கறீங்க. 1938 சட்டத்துல வந்த "எப்பவும் நிறை களஞ்சியம்" என்ன ஆச்சு? விளைச்சல் ஜாஸ்தியான வருசம் தானியத்த ஈடா வச்சுக்கிட்டு விவசாயிக்குக் கடன், பஞ்ச வருசத்துல களஞ்சியத்தத் திறக்கறது. இதோட மூலம் சீனா! கொலம்பியா பல்கலைக்கழகத்துல படிச்ச ஒரு சீன அறிஞர் கன்பூசியஸ் மரபுப் பொருளாதாரம் பத்தி எழுதின புத்தகத்துல படிச்சிட்டு, எடிட்டரா இருந்தப்பவே இதப் பத்தி எழுதிட்டாரு. அப்ப எழுதினது சட்டமா வந்துச்சு. போர் வந்தப்ப அந்த இருப்புதான் கை குடுத்துச்சு.

1939 மே மாசம் ராச்செஸ்டர்ல உணவுக் கூப்பன் ஆரம்பிச்சதும் இவர் துறைதான். 1 டாலருக்கு ஆரஞ்சு கூப்பன் வாங்கினா 50 சென்ட்டுக்கு நீலக் கூப்பன் சும்மா. நீலத்த வச்சு அரசு "உபரி"ன்னு அறிவிச்ச பொருள் மட்டும்தான் வாங்கலாம். ஒரே கல்லுல பசிச்சவனுக்கும் சோறு, விவசாயிக்கும் விலை. 1933ல உழுது மடக்கின ஆளு ஆறு வருசத்துல இங்க வந்து நிக்கறாரு, அதக் கணக்குல எடுக்கணுமா வேணாமா?

நிலவரசி:
இவ்வளவு நேரம் படிச்சிட்டுத்தான் இருந்தேன். எல்லாரும் "விவசாயி விவசாயி"ன்னு சொல்றீங்களே, யாரு அந்த விவசாயி? அயோவால சொந்த நிலம் வச்சிருக்கறவன். தெற்குல பருத்திக் காட்டுல அடுத்தவன் நிலத்த விளைச்சல்ல பங்குக்கு, அதாவது வாரத்துக்கு உழுதவன் என்ன ஆனான்? பருத்திப் பரப்பக் குறைக்க அரசு குடுத்த காசு நிலக்காரன் கைக்குப் போச்சு. பரப்பு குறைஞ்சதும் இனி நீ எதுக்குன்னு வாரக்காரனத் துரத்தி விட்டான். கறுப்பரும் ஏழை வெள்ளையரும் சேர்ந்து 1934ல ஆர்கன்சால சங்கம் வச்சாங்க, அடி வாங்கினாங்க. வாலஸ் துறைக்குள்ளேயே சில வக்கீல்கள், ஜெரோம் ஃபிராங்க் மாதிரி ஆளுங்க, வாரக்காரன வெளியேத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துக்கு அர்த்தம் சொல்லி உத்தரவு போட்டாங்க. 1935 பிப்ரவரில வாலஸ் என்ன பண்ணாரு? அந்த வக்கீல்கள வேலைய விட்டுத் தூக்க சம்மதிச்சாரு. தெற்கத்தி செனட்டர்கள் கோவிச்சுக்குவாங்கன்னு.

அழகான கதிர நம்பாம தராசத் தேடின பையன் எங்க போனான் அப்ப?

பழைய பேப்பர்காரன்:
இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல நிலவரசி. அவரோட பெரிய கறை இதுதான், பன்னி இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், சமாதானமா இல்ல, நடந்ததா. 1936 கடைசில அவரே தெற்குப் பக்கம் கார்ல போனாரு, குடிசை குடிசையா நின்னு பாத்தாரு, ஐரோப்பால கூட இந்த அளவு வறுமைய பாக்கலன்னு எழுதினாரு. அடுத்த வருசம் குத்தகைக்காரங்களுக்கு நிலம் வாங்கக் கடன் குடுக்கற சட்டமும், பண்ணைப் பாதுகாப்புன்னு தனி அமைப்பும் அவர் துறைக்குள்ள வந்துச்சு. ஆனா துரத்தினவன் துரத்தியாச்சு, ரெண்டு வருசம் லேட்டு. எடிட்டரா இருந்தா முதல்ல நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் எழுதியிருப்பாரு, மந்திரியானதும் முதல்ல கையெழுத்து, அப்புறம்தான் பாத்தாரு.

நிலவரசி:
இந்த ஒரு வரிக்காக நீங்க முதல்ல கேட்ட கேள்விக்கு நான் பாதி பதில் எடுத்துக்கறேன்.

ராத்திரி ஷிப்ட்:
சாமியார் மேட்டர் இருக்குன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

கணக்கு டீச்சர்:
உண்மை. நிக்கோலஸ் ரோரிக், ரஷ்ய ஓவியர், நம்ம குலு பள்ளத்தாக்குல வந்து குடியேறினவர். வாலஸ் அவருக்கு "குரு"ன்னு போட்டு கடுதாசி எழுதுவாரு. வறட்சி தாங்கற புல்லு விதை தேடச் சொல்லி விவசாயத்துறை செலவுல 1934ல அவர மஞ்சூரியா பக்கம் அனுப்பி வச்சாரு, அங்க போய் அவரு அரசியல் பண்ண, அடுத்த வருசமே வாலஸ் உறவ வெட்டிட்டாரு. டாலர் நோட்டுப் பின்னாடி இருக்கற பிரமிடும் கண்ணும் கூட, அந்த முத்திரைய நாணயத்துல போடலாமேன்னு வாலஸ்தான் ரூஸ்வெல்ட் கிட்ட கொண்டு போனாரு, அவரு நோட்டுல போட்டுட்டாரு. தராசு கையில வச்சிருக்கறவனுக்கும் ஒரு பூஜை ரூம் இருக்கும் போல.

சந்தேகப் பேர்வழி:
பூஜை ரூமோட நின்னிருந்தா பரவால்ல. 1944ல துணை ஜனாதிபதியா சைபீரியா போனாரே, மகதான்ங்கற ஊருக்கு! அந்தப் பக்கம் கோலிமா தங்கச் சுரங்கம், கைதிகள் கும்பல் கும்பலா செத்த இடம். இவரு வர்றாருன்னு காவல் கோபுரத்தப் பிரிச்சு, கைதிகள மறைச்சு, கடைல சாமான் அடுக்கி வச்சாங்க. இவரு பாத்துட்டு ஆகா முன்னோடிகள், உழைப்பாளிங்கன்னு பாராட்டிட்டு வந்தாரு.

மேட்டுக்காடு:
அதுல ஒரு சம்பவம் எனக்குத் தூக்கமே வராம பண்ணுச்சு. அங்க கைதியா இருந்த ஒரு அம்மா பின்னாடி எழுதினது. இவருக்கு ஒரு பன்னிப் பண்ணையக் காட்டினாங்களாம், அங்க பன்னி மேய்க்கறவங்கன்னு நிறுத்தி வச்சிருந்தது ரகசியப் போலீஸ் ஆபீஸ்ல வேலை பாத்த பொண்ணுங்க. வாலஸ் பன்னியப் பத்தி சாதாரணமா ஏதோ ஒரு கேள்வி கேக்கறாரு. ஒருத்திக்கும் பதில் தெரியல. அமைதி. மொழிபெயர்ப்பாளர் நடுவுல பூந்து சமாளிச்சாரு.

அண்ணே, சோளமும் பன்னியுமா அயோவால வளந்த மனுசன். பன்னி மேய்க்கற பொண்ணுக்குப் பன்னியப் பத்தித் தெரியலன்னா அங்கேயே பொறி தட்ட வேணாமா? சரியான கேள்வி வாயில வந்துடுச்சு, பதில் வரலங்கறது காதுல விழல.

பழைய பேப்பர்காரன்:
எழுத்துல இருந்த காலமா இருந்தா மொழிபெயர்ப்பாளர நகத்திட்டு அந்தப் பொண்ணுகிட்டயே திரும்பக் கேட்டிருப்பாரு. கூட பரிவாரம், பாதுகாப்பு, விருந்து, சோவியத்து நம்ம கூட்டாளின்னு மனசுல ஒரு முடிவு. அந்த மாதிரி டூர்ல போன எந்த ரிப்போர்ட்டருக்கும் தெரியும், காட்டறதத்தான் காட்டுவான். 1952ல "எங்கே தப்பு பண்ணேன்"னு அவரே ஒரு பத்திரிகைல எழுதினாரு, கோலிமா விசயத்துல ஏமாந்தத ஒத்துக்கிட்டாரு. அரசியல்வாதி யாரும் லேசுல எழுதற கட்டுரை இல்ல அது.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். 1942 மே மாசம் இந்த நூற்றாண்டு சாமானியனோடதுன்னு ஒரு பேச்சு, உலகம் பூரா மொழிபெயர்த்தாங்க. 1944ல ஆசியாவுல காலனி நாடுகள விடுவிக்கணும்னு ஒரு சின்னப் புத்தகம், பிரிட்டிஷ்காரனுக்கு மூக்கு மேல கோவம். அதே வருசம் துணை ஜனாதிபதி வேட்பாளரத் தேர்ந்தெடுக்க கூடின சிகாகோ கட்சி மாநாட்டுல முதல் சுற்றுல 429.5 ஓட்டு, ட்ரூமனுக்கு 319.5, ரெண்டாவது சுற்றுல கட்சிப் பெருந்தலைங்க எல்லாம் ட்ரூமன் பக்கம் சாஞ்சாச்சு. புதுப் பதவிக்காலம் ஆரம்பிச்சு 82 நாள்ல ரூஸ்வெல்ட் செத்தாரு, துணையா இருந்த ட்ரூமன் ஜனாதிபதி ஆயிட்டாரு. அந்த 82 நாள எண்ணிப் பாத்தா தலை சுத்தும்.

ட்ரூமன் கீழ வர்த்தக மந்திரியா இருந்துட்டு, ரஷ்யாவோட மோதாதீங்கன்னு 1946 செப்டம்பர்ல பேசினதுக்கு எட்டே நாள்ல வேலை போச்சு. வெளிய வந்ததும் என்ன பண்ணாரு தெரியுமா? நியூ ரிபப்ளிக் பத்திரிகைக்கு எடிட்டர்! 1948 ஜனாதிபதி தேர்தல்ல தனிக் கட்சி, 2.4 சதவீதம் ஓட்டு. அப்ப தெற்குல பிரச்சாரம் போனப்ப கறுப்பரயும் வெள்ளையரயும் பிரிச்சு உக்கார வைக்கற கூட்டத்துல பேச மாட்டேன்னு நின்னாரு, முட்டையும் தக்காளியும் மேல வந்து விழுந்துச்சு.

நிலவரசி:
1935ல காட்டாத முதுகெலும்ப 1948ல காட்டினாரு, பதவி போனதுக்கப்புறம். அதையும் எழுதி வைங்க.

பழைய பேப்பர்காரன்:
எழுதியாச்சு.

சந்தேகப் பேர்வழி:
மெக்சிகோவ விட்டுட்டீங்க, நான் திட்ட வந்தவனே சொல்ல வேண்டியிருக்கு. 1940 கடைசில அங்க புது ஜனாதிபதி பதவியேற்புக்கு தானே கார் ஓட்டிட்டுப் போனாரு, வழி பூரா நிறுத்தி நிறுத்தி விவசாயிகிட்ட ஸ்பானிஷ்ல பேசினாரு, ஒரு குடும்பம் சோளம் விளைவிக்க எத்தனை உழைப்புன்னு பாத்துட்டு வந்து ராக்பெல்லர் பவுண்டேஷன் ஆளுங்ககிட்ட சொன்னாரு. 1943ல அங்க ஆராய்ச்சித் திட்டம் ஆரம்பிச்சுது, 1944ல நார்மன் போர்லாக்ங்கற பயிர் விஞ்ஞானி போய்ச் சேர்ந்தாரு. அவரு அங்க உருவாக்கின குட்டைக் கோதுமைதான் 1960கள்ல இந்தியாவுக்கு வந்தது. பரிவாரம் இல்லாம போன பயணம் இது, மகதானுக்குப் பரிவாரத்தோட போனாரு. வித்தியாசம் தெரியுதா?

மேட்டுக்காடு:
இத ஏன்யா முதல்லயே சொல்லல, நாலு மணி நேரமா சண்ட போட்டுட்டு இருக்கோம்.

கணக்கு டீச்சர்:
கடைசிக் காலம் எப்படி?

பழைய பேப்பர்காரன்:
நியூயார்க் மாநிலத்துல சவுத் சேலம்ங்கற ஊர்ல பண்ணை. கோழி, ஸ்ட்ராபெர்ரி, கிளாடியோலஸ் பூ, சோளம், எல்லாத்துலயும் ஒட்டு ரகம் போட்டுப் பாத்துட்டே இருந்தாரு. ஏஎல்எஸ் வந்துச்சு, நரம்பு செத்து தசை ஒவ்வொண்ணா படுக்கற வியாதி. எந்தத் தசை எப்ப போச்சு, எந்த மருந்துக்கு என்ன ஆச்சுன்னு தன் உடம்பையே சோதனை வயல் மாதிரி குறிப்பு எடுத்து எழுதினாரு. 1965 நவம்பர் 18ல போயிட்டாரு.

அப்புறம், நம்ம ஆபீஸ் நண்பர் நேத்து போன் பண்ணாரு. முதல் வாரம் பூரா ஃபைல் படிக்கறதுலயே போச்சாம். நேர்ல எங்கேயாவது போய்ப் பாத்தீங்களான்னு கேட்டேன். அடுத்த வாரம் போறேன், ஆனா கூட ஆறு பேர் வருவாங்கன்னாரு.

ராத்திரி ஷிப்ட்:
ஆறு பேரையும் டீ குடிக்க அனுப்பிட்டு தனியா ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க